சிவப்பு வளையம்

பிப்ரவரி 9, திங்கள்

கல்லூரியில் கொடுத்த நோட்டு இது. "தன்னார்வப் பணிக் குறிப்பேடு" என்று அட்டையில் போட்டிருக்கிறது. தினமும் என்ன செய்தோம், என்ன கற்றோம் என்று எழுதி, திரும்பியதும் ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்படைக்க வேறு நோட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். இது எனக்கு.

கோயம்புத்தூரிலிருந்து எட்டுப் பேர் நேபாளத்துக்குக் கிளம்பினோம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து நாலு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கும் நாகர்கோவில் ஷெரினுக்கும் தார்பானி. பொக்காராவிலிருந்து ஜீப்பில் ஐந்து மணி நேரம், அதில் நாலு மணி நேரம் வளைவுதான். இந்த ஊர்க் காட்டை ஊர்க்காரர்களே கமிட்டி வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியூர் ஆட்கள் வந்து தங்கிக் காட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு நடைபாதை போட வேண்டும், பலகை எழுத வேண்டும், பாதைக்கு அடையாளம் வைக்க வேண்டும். ஐந்து வாரம். அதுதான் எங்கள் வேலை.

ஜீப்பை விட்டு இறங்கியதும் பூமி சுற்றியது. "எனக்கு வாந்தி வருதுட்டி" என்றேன் ஷெரினிடம். பின்னாலிருந்து ஒரு குரல்: "வந்தா எடுத்துருங்க அம்முணி, கூச்சப்படாதீங்க."

திரும்பினால் நேபாளத் தொப்பி வைத்த ஒரு மனிதர். தில் பகதூர் அண்ணன். கோயம்புத்தூரில் ஓர் ஓட்டலில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவராம். நான் சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

தங்குவது அவர் வீட்டில்தான். அவர் மனைவி யாம்குமாரி தீதி. தீதி என்றால் அக்கா. மாடியில் விருந்தாளிகளுக்கென்று இரண்டு அறை புதிதாகக் கட்டியிருக்கிறார். மெத்தையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நாங்கள்தான் வெள்ளோட்டம்.

பிப்ரவரி 11, புதன்

காடு பார்க்கப் போனோம். அண்ணன் முன்னால், தீதி பின்னால், நடுவில் நாங்கள்.

அண்ணன் ஒவ்வொரு மரமாகக் கையை வைத்துக் கதை சொன்னார். "இது பட்டையத் தொட்டுப்போட்டுக் கண்ணுல கைய வச்சீங்கன்னா அரிப்புத் தாங்காதுங்க." இமயமலையில் நின்றுகொண்டு ஒருத்தர் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கீழ்ச்சரிவில் நின்று கமிட்டி, அடையாளம், மாசி மாசம் என்று நீளமாக என்னவோ விளக்கினார். நான் அவரைப் போலவே ஷெரினிடம் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். பாவம், நல்ல மனுஷர், அவரும் கூடச் சிரித்தார்.

மேல்சரிவில் ஒரு குராஸ் மரம் இருக்கிறது. ஊட்டிப் பக்கம் காட்டுப் பூவரசு என்பார்களே, அதன் சொந்தக்காரன். இரண்டு பேர் சேர்ந்து கட்டினால்தான் கைக்குள் அடங்கும். மொட்டாக இருக்கிறது. மார்ச்சில் மரமே தெரியாமல் சிவப்பாகப் பூக்குமாம். இந்த மரத்தைக் காட்டித்தான் பாதை போடும் யோசனையையே தீதி கமிட்டியில் சொன்னாராம். இரண்டு வருஷம் தனி ஆளாக நின்று, மேல்சரிவில் கோடாலி வைக்கக் கூடாது என்று சம்மதிக்க வைத்திருக்கிறார். மரத்தடியில் நின்று தீதி என் கையைப் பிடித்து ஒரு மொட்டின் மேல் வைத்தார். குழந்தையின் கன்னத்தைத் தொடச் சொல்வதைப் போல வைத்தார்.

எனக்கு இந்த அக்காவை ரொம்பப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 14, சனி

காலையில் பூண்டு உரித்தோம். ஒரு கூடை. மதியம் பலகைக்குச் சட்டம் அடித்தோம். சாயங்காலம் ரசம் வைத்தேன். தீதி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "மருந்து நல்லா இருக்குங்குது" என்றார் அண்ணன்.

தீதி என்னை "நானி" என்று கூப்பிடுகிறார். குட்டிப்பெண்ணே என்கிற மாதிரி. ஷெரினையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனால் என்னைக் கூப்பிடுவதில் கொஞ்சம் நீளம் அதிகம். இதைச் சொன்னால் ஷெரின் சண்டைக்கு வருகிறாள்.

சாப்பாட்டில்தான் தகராறு. "போதும்" என்று கையைக் காட்டினால் "இன்னும் கொஞ்சம்" என்று அவர் புரிந்துகொள்கிறார். சோறு மலையாகக் குவிகிறது. புரியாமல் போடுகிறாரா, புரிந்தே போடுகிறாரா என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுப் பூர்ணமாயா தினமும் வருகிறார். தீதியின் சேக்காளி. கணவர் கத்தாரில், வீட்டில் மூன்று பிள்ளைகள், இரண்டு எருமை. இரண்டு பெண்களும் சேர்ந்துவிட்டால் அந்தச் சிரிப்புச் சத்தத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது.

பிப்ரவரி 19, வியாழன்

தீதியும் அண்ணனும் நேற்று மகள் வீட்டுக்குப் போனார்கள். நாளை வருவார்கள். ஷெரினுக்கு வயிற்றுப்போக்கு, படுத்திருக்கிறாள். நான் மட்டும் காட்டுக்குப் போனேன். தீதி வருவதற்குள் பாதை அடையாளத்தை முடித்து அசத்திவிட வேண்டும் என்று வெறி.

ஒன்பது மரத்துக்கு மஞ்சள் வளையம். குராஸ் மரத்துக்கு மட்டும் மஞ்சள் போட மனசு வரவில்லை. மகாராணிக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நிறமா? கீழே கிடங்கில் வேறு டின் இருந்தது. மார்பளவு உயரத்தில், நூல் பிடித்த மாதிரி வளையம். என் கையெழுத்துகூட அவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

பிப்ரவரி 21, சனி

பலகைகளை அச்சடிக்கப் பொக்காரா வந்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமைதான் திரும்ப ஜீப். ஊரில் நாளையிலிருந்து இரண்டு நாள் "காடு திறப்பு" என்றார் அண்ணன். வருஷத்தில் ஒரு தடவைதான். விறகுக்கு வீட்டுக்கு இரண்டு பேர் போகலாமாம். பார்க்க முடியாமல் போய்விட்டது. தீதி நேற்று இருட்டிய பிறகுதான் வந்தார், என் வளையங்களை இன்னும் பார்க்கவில்லை.

இன்று இரண்டு மோமோக் கடைக்காரர்களைப் பணக்காரர்களாக்கினோம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

குராஸ் மரம் இல்லை.

பிப்ரவரி 25, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காடு திறக்கும் நாளில் காய்ந்த விறகை யாரும் எடுக்கலாம். பச்சை மரம் என்றால் கமிட்டி முன்கூட்டியே பார்த்துச் சிவப்பு வளையம் போட்ட மரத்தை மட்டும் வெட்டலாம். யார் முதலில் கோடாலி வைக்கிறார்களோ அவர்களுக்கு அந்த மரம். இந்த வருஷம் கீழ்ச்சரிவில் இருபத்திரண்டு மரத்துக்கு வளையம் போட்டிருக்கிறார்கள். மேல்சரிவில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் குராஸ் மரத்தில் யாரோ சிவப்பு வளையம் போட்டிருக்கிறார்கள். பூர்ணமாயாவும் அவர் நாத்தனாரும் அதைப் பார்த்துவிட்டு வெட்டிவிட்டார்கள்.

தீதி அந்த அடிமரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கிறார். மொட்டுகள் கீழே மிதிபட்டுக் கிடக்கின்றன. கமிட்டியின் சிவப்பு டின் தீதி வீட்டுக் கிடங்கில் இருக்கிறது, சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. தினமும் அந்த வீட்டுக்குள் வந்துபோகிறவர் பூர்ணமாயா ஒருவர்தான். விறகுக்கு ஆசைப்பட்டு அவரே வளையம் போட்டுக்கொண்டார் என்று ஊரில் பேச்சு. தீதிதான் முதலில் சொன்னது.

எனக்குத் தலைவலி. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

பலகைகளைத் துடைத்து அடுக்கினோம். ஒரு பலகையில் "குராஸ் மரம்" என்று அம்புக்குறி போட்டிருக்கிறது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

காலையில் பூர்ணமாயா வாசலுக்கு வந்து உள்ளே வராமல் நின்றார். தீதி வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "சோர்" என்ற சொல் ஏழெட்டுத் தடவை வந்தது. திருடி என்று அர்த்தம் சொல்ல அண்ணன் தேவைப்படவில்லை. பூர்ணமாயா தீதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 7 சனிக்கிழமை ஊர்க்கூட்டம். குற்றம் அவருடையது என்று முடிவானால் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டு ஆள் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. விறகு இல்லை, எருமைக்குப் புல் இல்லை. "ரெண்டு எருமையும் போயிருமுங்க" என்றார் அண்ணன். "பாலுதானுங்க அந்தப் பிள்ளைகளுக்கு."

மார்ச் 1, ஞாயிறு

ஷெரின் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி இசக்கி, அன்னைக்கு நீ மஞ்சப் பெயிண்ட் மட்டுந்தான அடிச்ச?"

"ஆமா."

"இல்ல, சும்மா கேக்கேன்."

மார்ச் 3, செவ்வாய்

என் நோட்டு, என் பேனா. இதில்கூட "யாரோ" என்று எழுதியிருக்கிறேன். 25ஆம் தேதிப் பக்கத்தைப் படித்துப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

நான்தான். நான்தான் சிவப்பு வளையம் போட்டேன். அண்ணன் முதல் நாளே கீழ்ச்சரிவில் நின்று, எந்த அடையாளம் எதற்கு என்று சொன்னார். அப்போது நான் அவர் பேச்சைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அந்த மரம் அழகாக இருந்தது என்பதால் அதைக் கொன்றேன். வேறு எந்த மரத்துக்காவது சிவப்பு அடித்தேனா? இல்லை. இருந்ததிலேயே நல்ல மரமாகப் பார்த்து அடித்தேன்.

இது தெரிந்தால் தீதி என்னை நானி என்று கூப்பிட மாட்டார். பத்தொன்பது வயசில் இதற்குப் போய்ப் பயப்படுகிறேன். அங்கே ஒருத்தி எருமையைப் பறிகொடுக்கப் போகிறாள்.

ஷெரினிடம் சொல்லிவிட்டேன். அவள் என் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்ட்டி. உன் சால்வையில சிவப்பு இருந்துச்சி. நீயா சொல்லுவன்னு பாத்தேன்" என்றாள். "சொல்லிரு. அந்தப் பொம்பள மொகத்தப் பாக்க முடியல."

மார்ச் 5, வியாழன்

தீதியிடம் சொல்லத்தான் அடுப்படிக்குப் போனேன். "தீதி" என்று தொடங்கினேன். பசிக்கிறது என்று நினைத்து ஒரு கிண்ணம் நிறையப் பால் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்னை என்ன சொல்ல!

பிறகு மாட்டுக்கொட்டிலில் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த புல்கட்டு அப்படியே நின்றது.

"உடுங்க அம்முணி. நீங்க விருந்தாளிங்க. வெளிய தெரிய வேண்டாமுங்க."

"அப்ப பூர்ணமாயா அக்கா?"

அவர் புல்லை மாட்டுக்கு உதறிப் போட்டார். சனிக்கிழமை கூட்டத்தில் நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் அப்படியே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றேன். மாட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

மார்ச் 7, சனி

கூட்டம் முடிந்து இப்போதுதான் மாடிக்கு வந்தேன். எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். ஊரே வந்திருந்தது. தீதி முன்வரிசையில், பூர்ணமாயா கடைசி ஓரத்தில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கமிட்டித் தலைவர் பேசி முடித்ததும் நான் எழுந்தேன்.

"அந்த மரத்துல சிவப்பு வளையம் போட்டது நான்தான். பூர்ணமாயா அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. என்னய மன்னிச்சிருங்க" என்றேன்.

அண்ணன் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேபாளியில் சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் தலையை ஆட்டிச் சிரித்தார்கள். வயசான ஒரு பாட்டா "ராம்ரோ, ராம்ரோ" என்றார். நல்லது என்று அர்த்தம். யாரோ எனக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"என்னட்டி, டீ குடுக்காவ?" என்றாள் ஷெரின்.

அண்ணன் என் கண்ணைப் பார்க்கவில்லை. அப்போது விளங்கிவிட்டது. மரம் போனதில் இந்தப் பிள்ளைகளுக்கும் ரொம்ப வருத்தம் என்கிற மாதிரி எதையோ சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றுகிறாராம். ஓட்டலில் பதினோரு வருஷம் வாடிக்கையாளர் மனம் கோணாமல் பேசிப் பழகியவர். கோபப்படக்கூட முடியவில்லை. அவ்வளவு பாசத்தோடு என்னைக் கழுத்தளவு பொய்யில் இறக்கிவிட்டார்.

தலைவர் பூர்ணமாயாவின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த நேபாளிச் சொல் மொத்தம் நாற்பது இருந்தால் அதிகம். அதிலும் பாதி சாப்பாட்டுச் சாமான்.

"குராஸ். ராதோ ரங். மைலே" என்றேன். குராஸ், சிவப்புச் சாயம், நான்.

புரியவில்லை போலிருந்தது. கையில் தூரிகை பிடித்த மாதிரி காற்றில் ஒரு மரத்தைச் சுற்றி வந்து வளையம் போட்டுக் காட்டினேன். நெஞ்சில் தட்டி மறுபடி "மைலே" என்றேன். பூர்ணமாயாவைக் காட்டி "ஹோயினா" என்றேன். இல்லை, அவர் இல்லை. மறுபடி நெஞ்சில் தட்டினேன். புரிந்ததும் எல்லாரும் பூர்ணமாயா பக்கம் திரும்பினார்கள். நான் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தேன் என்று ஷெரின் பிறகு சொன்னாள். அவள்தான் வந்து கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பூர்ணமாயா எதுவோ கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்தபடி, "ஏன் போட்டீங்கன்னு கேக்குதுங்க" என்றார்.

"அழகா இருந்துச்சு, அதான் போட்டேன்னு சொல்லுங்கண்ணே. இந்தத் தடவ அப்படியே சொல்லுங்க."

சொன்னார். பூர்ணமாயா என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பத்து நாள் அழுகை.

அவர் வீட்டுக்குத் தடை இல்லை என்று முடிவாயிற்று. எனக்கும் தண்டனை உண்டு. இந்த ஊரில் காட்டுக்காவல் முறை வைத்துத்தான். ஒரு கோல் வீடு வீடாகப் போகும். யார் வாசலில் அது இருக்கிறதோ அவர்கள் மறுநாள் காவலுக்குப் போக வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும்வரை அந்தக் கோல் என்னிடமே இருக்கும். ஆறு நாள்.

இதையெல்லாம் கேட்க யாம்குமாரி தீதி அங்கே இல்லை. நான் இரண்டாம் தடவை நெஞ்சில் தட்டியபோதே எழுந்து போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

காவல், இரண்டாம் நாள். விடிந்ததும் கோலை எடுத்துக்கொண்டு இறங்கினால் பூர்ணமாயா நிற்கிறார். யாரும் அவரை அனுப்பவில்லை. தனியாகப் போனால் நான் காட்டில் தொலைந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. உண்மையும் அதுதான். முன்னால் நடந்தார், வறுத்த சோளம் கொடுத்தார், அடிமரத்தைக் கடக்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தீதி பேசுவதில்லை. கோபமாக ஒரு பார்வைகூட இல்லை. தட்டு வைக்கிறார், பருப்பு ஊற்றுகிறார். இன்று "போதும்" என்று கையைக் காட்டினேன். உடனே நிறுத்திவிட்டார். இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாசத்தில் போதும் என்றதும் அவர் நிறுத்தியது இதுதான் முதல் தடவை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

பலகை நடும் வேலை முடிந்தது. ஒன்றைத் தவிர.

மதியம் தீதி பூர்ணமாயா வீட்டுக்குப் போனார். ஷெரின் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "மொதல்ல தீதி வாசல்லயே நின்னாவ. அந்தம்மா கண்டுக்கிடல, பால் கறந்துகிட்டே இருந்தாவ. பொறவு தீதி பக்கத்துல குத்தவச்சிக் கன்னுக்குட்டியப் பிடிச்சிக்கிட்டாவ. அப்படியே ரெண்டு பேருமாச் சேந்து கறந்து முடிச்சாவ. நான் வந்துட்டேன்."

தீதி திரும்பி வர மூன்று மணி நேரமானது. கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு பூசணிக்காய். சாயங்காலம் பூர்ணமாயாவின் சிரிப்பு எங்கள் முற்றத்தில் கேட்டது. அதைக் கேட்டு நான் மாடியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். அவர்கள் கூடிவிட்டார்கள். நான்தான் வெளியே நிற்கிறேன்.

மார்ச் 14, சனி

ஜீப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

காலையில் நெற்றியில் திலகம் வைத்து, மாலை போட்டு, ஊரே வழியனுப்ப வந்தது. தீதியைக் காணோம். சமையலறையிலும் இல்லை. கேட்கப் பயந்து கேட்கவில்லை. பையை ஜீப் மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து தீதி வேகமாக இறங்கி வந்தார். பின்னாலேயே பூர்ணமாயா. வந்தவர் நேராக என் முன்னால் நின்று ஆரம்பித்தார்.

அப்படி ஒரு திட்டு. மூச்சு விடவில்லை. ஊர் வாயைப் பிளந்து பார்க்கிறது. எனக்குத் தெரிந்த சொற்கள் அங்கங்கே தலைகாட்டின. மரம். சிவப்பு. சோறு. வாய். நடுவில் "நானி" என்று வந்தது. ஏழு நாளைக்கு அப்புறம். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எனக்கு இனித்தது.

"என்ன சொல்லுதாங்கண்ணே?"

"இதுல பாதிக்கு எனக்குத் தமிழ் தெரியாதுங்க அம்முணி. அந்த ஓட்டல்ல யாரும் இப்படியெல்லாம் திட்டலீங்க."

"மீதிப் பாதியச் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்காதிங்க."

அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "மரம் போனாப் போவுதுங்குதுங்க. பத்து நாளா என்ற அடுப்புச் சோத்தத் தின்னுபோட்டு, என்ற வாயாலயே என்ற சேக்காளியத் திருடின்னு சொல்ல வச்சுப்போட்டயேங்குது. அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா ரெண்டு போடு போட்டுப்போட்டுச் சோறு வச்சிருப்பனேங்குது."

என்னால் நிமிர முடியவில்லை. தீதி என் காதைப் பிடித்துத் திருகினார். நன்றாகவே திருகினார். அப்புறம் அதே மூச்சில் வேறு பக்கம் போனார்: நான் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, குளிரில் காதை மூடுவதில்லை, ஈரத் தலையோடு வெயிலில் நிற்கிறேன். இதற்கெல்லாம் பூர்ணமாயாவும் சேர்ந்துகொண்டு எடுத்துக் கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். தீதி அவரையும் திட்டினார்.

என் அம்மாவைத் தவிர யாரும் என்னை இவ்வளவு நேரம் நின்று திட்டியதில்லை. வெளியாளாக இருந்தால் மாலை போட்டுச் சிரித்து அனுப்பியிருப்பார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜீப்புக்குள் தள்ளி ஏற்றினார்கள். வண்டி நகர்ந்தது. தீதி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார், திட்டிக்கொண்டே. "சரி தீதி, சரி தீதி" என்று நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஏட்டி, அழுவுதியா சிரிக்கியா?" என்றாள் ஷெரின்.

இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்ததும் தீதியின் கை நழுவியது. சாலை நடுவில் நின்று, கையை நீட்டி நீட்டி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் வாயருகே கையைக் குவித்து அங்கிருந்து கத்தினார்:

"அம்முணீ! இன்னும் முடியலையாமுங்க! மீதியக் கேக்க அடுத்த மாசிக்கு வரோணுமாமுங்க!"